நம் லைனுக்கு நாமே போடும் வரைபடம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. வணிகர்களாகிய நாம் சரக்கை எடை போடுகிறோம், பணத்தை எண்ணுகிறோம், பில்லைச் சரி பார்க்கிறோம். ஆனால் நம் லைன் வண்டி வாரத்துக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, எந்தக் கடை எந்த முக்கில் இருக்கிறது, எந்த ஊர்ப் பக்கம் நாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் அது லைனுக்குப் போகிற ஒருவருடைய தலைக்குள் இருக்கிறது. அவர் வந்தால் வியாபாரம் உண்டு. அவர் வராவிட்டால் வண்டி நிற்கிறது.

எங்கள் கடையில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். திங்கள் சாத்தூர், செவ்வாய் சிவகாசி, புதன் அருப்புக்கோட்டை, வியாழன் காரியாபட்டி என்று நான்கு லைன்கள். மொத்தம் 118 கடைகள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே பெரியவர்தான் எல்லா லைனுக்கும் போய் ஆர்டர் எடுத்து, சரக்கு இறக்கி, வசூலும் செய்து வந்தார். ஒரு நாள் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டார்.

மறுநாள் அவருக்குப் பதிலாக ஒரு தம்பியை அனுப்பினோம். கையில் கடைகளின் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஆனால் 'முருகன் ஸ்டோர், மேலத் தெரு' என்று மட்டும் இருந்தால் அந்தத் தம்பி எங்கே போவார்? முருகன் ஸ்டோர் இல்லாத ஊரும் இல்லை, மேலத் தெரு இல்லாத ஊரும் இல்லை. முப்பது கடைக்குப் போக வேண்டியவர் பதினேழு கடையோடு இருட்டில் திரும்பி வந்தார். விடுபட்ட கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? துவரம் பருப்பும் எண்ணெய் டின்னும் வேறு வண்டியில் இறங்கிவிட்டன. இரண்டு வாரத்தில் எங்களுக்குப் புத்தி வந்தது.

கம்ப்யூட்டரைப் பெரியவர் வீட்டுக்கே எடுத்துப் போய்க் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடையாகக் கேட்டுக் கேட்டு ஒரு வரைபடம் போட்டோம். "மொதலாளி, அந்தக் கடைக்கு வண்டி உள்ள போகாது. வேப்பமரத்து முக்குல நிப்பாட்டி, மூட்டையத் தலைச்சுமையாத்தான் கொண்டு போகணும்" என்றார். இந்த மாதிரிச் செய்தி எந்தப் பேரேட்டில் இருக்கிறது? அன்று முதல் அது எங்கள் வரைபடத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தைப் போடும் முறையை நம் சங்க உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பட்டியலில் தெரியாதது படத்தில் தெரியும்

பெயர்ப் பட்டியல் இருக்கும்போது வரைபடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1854-இல் லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா பரவி ஏராளமானோர் மாண்டனர். கெட்ட காற்றினால்தான் நோய் பரவுகிறது என்று அக்காலத்து மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். தண்ணீரில்தான் கோளாறு என்று வாதாடிய ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், சாவு நடந்த வீடுகளைத் தெருப் படத்தில் சிறு கோடுகளாகக் குறித்தார். கோடுகள் பிராட் தெருவில் இருந்த ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. பட்டியலாக இருந்தவரை யார் கண்ணிலும் படாத விஷயம், படத்தில் வந்ததும் பளிச்சென்று தெரிந்தது.

நம் வியாபாரமும் அப்படித்தான். ஒரு மாதமாகச் சரக்கு எடுக்காத கடைகளின் பெயர்கள் பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். படத்தில் போட்டுப் பார்த்தால் அவை ஒரே மூலையில் கூடி நிற்கலாம். அப்படி நின்றால் அங்கே ஏதோ காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

எந்தக் கருவி?

இன்டர்நெட்டில் இதற்கென வசதிகள் பல இருக்கின்றன. நாங்கள் பயன்படுத்துவது 2007-இல் தொடங்கப்பட்ட 'கூகுள் மை மேப்ஸ்'. நாம் செல்போனில் வழி பார்க்கும் கூகுள் மேப்ஸ் வேறு, இது வேறு. அது ஊருக்கெல்லாம் பொதுவான படம். இதில் அந்தப் பொதுப் படத்தின் மேல் நமக்கு வேண்டிய புள்ளிகளையும் கோடுகளையும் எல்லைகளையும் நாமே போட்டு, நம் பெயரில் வைத்துக்கொள்ளலாம். கட்டணம் கிடையாது. ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். முன்பு ஆண்ட்ராய்டு செல்போனுக்குத் தனி ஆப் இருந்தது. அது 2021-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே படம் போடும் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வதே வசதி. போட்ட படத்தைச் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம்.

ஜிமெயில் கணக்கு கடையின் பெயரில் இருக்க வேண்டும். கடைப் பையனின் சொந்தக் கணக்கில் படம் போட்டால், அவர் வேலையை விட்டுப் போகும்போது படமும் அவரோடு போய்விடும். ஒருவர் தலைக்குள் இருந்ததை இன்னொருவர் பைக்குள் மாற்றியதாகத்தான் முடியும்.

முதல் வேலை: பட்டியல்

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் எக்ஸெல்லில் ஒரு பட்டியல் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒரு கடைக்கு ஒரு வரி. எங்கள் பட்டியலில் உள்ள கட்டங்கள் இவை: கடை எண், கடைப் பெயர், ஊர், லைன், வடக்கு அளவு, கிழக்கு அளவு, கடை திறக்கும் நேரம், விடுமுறை நாள், குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தில்தான் பெரியவர் சொன்ன வேப்பமரத்து முக்கு வருகிறது.

வடக்கு அளவு, கிழக்கு அளவு என்றால் என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகைதான். லைனுக்குப் போகும்போது கடை வாசலில் நின்று, செல்போனில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளியின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்தினால் ஒரு சிவப்புக் குறி விழும். அதோடு இரண்டு எண்கள் வரும். அவற்றை அப்படியே நகல் எடுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால், நான்கு லைனும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

இதில் இரண்டு தவறுகள் நேரக்கூடும். இரண்டையும் நாங்கள் செய்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

முதலாவது, எண்களை மாற்றிப் போடுவது. விருதுநகருக்கு வடக்கு அளவு 9.5 பக்கம், கிழக்கு அளவு 77.9 பக்கம். முதலில் வருவது வடக்கு, அடுத்தது கிழக்கு. மாற்றிப் போட்டால் கடை வட துருவத்துக்குப் பக்கத்தில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே கடலில் போய் விழும். எங்கள் கடைகளில் மூன்று ஒரு நாள் முழுவதும் அந்தப் பனிக்கடலில் மிதந்தன.

இரண்டாவது, புள்ளிக்குப் பின் வரும் எண்களைச் சுருக்குவது. பைசாவைத் தள்ளிவிட்டு ரூபாயை மட்டும் எழுதும் பழக்கம் இங்கே உதவாது. புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் இடம் ஒரு கி.மீ. வரை தள்ளிப் போகலாம். நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் அடங்கும். ஐந்து இலக்கம் இருந்தால் கடை வாசல்தான்.

விலாசத்தை மட்டும் கொடுத்தாலும் கருவி இடம் தேடும். ஆனால் நம் கிராமத்து விலாசங்கள் அதற்கு ஏற்றவை அல்ல. 'காளியம்மன் கோவில் தெரு, பஸ் நிறுத்தம் எதிரில்' என்று கொடுத்தால் எந்தக் காளியம்மன் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? எண்களே நம்பத்தக்கவை.

படம் போடும் முறை

கம்ப்யூட்டரில் கூகுள் மை மேப்ஸைத் திறந்து புதிய படம் உருவாக்கும் பொத்தானை அழுத்தினால் வெறும் வரைபடம் வரும். இடது பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதில் படத்துக்குப் பெயர் கொடுக்கலாம். அதன் கீழே 'லேயர்' என்று ஒன்று இருக்கும். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது போன்றதுதான் லேயர். ஒரு தாளில் சாத்தூர் லைன், அடுத்ததில் சிவகாசி லைன். வேண்டிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறைத்துக்கொள்ளலாம். ஒரு படத்தில் பத்து லேயர் வரை போடலாம்.

லேயரில் உள்ள 'இம்போர்ட்' என்பதை அழுத்தி நம் எக்ஸெல் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இடத்தைக் காட்டும் கட்டம் எது என்று கேட்கும். வடக்கு, கிழக்கு இரண்டையும் காட்ட வேண்டும். பெயராக வர வேண்டிய கட்டம் எது என்று அடுத்துக் கேட்கும். கடைப் பெயரைக் காட்ட வேண்டும். சில விநாடிகளில் எல்லாக் கடைகளும் புள்ளிகளாக வந்து நிற்கும். ஒரு லேயரில் 2,000 வரி வரை ஏற்கும் என்பதால், மொத்த வியாபாரிகளுக்கும் இது தாராளம்.

அடுத்தது நிறம். 'ஸ்டைல்' என்ற இடத்தில், எந்தக் கட்டத்தை வைத்து நிறம் பிரிக்க வேண்டும் என்று சொல்லலாம். எல்லா லைனையும் ஒரே லேயரில் போட்டு லைன்வாரியாக நான்கு நிறம் கொடுக்கலாம். அல்லது பட்டியலில் 'இம்மாதக் கொள்முதல்' என்று ஒரு கட்டம் சேர்த்து, எடுத்த கடைக்குப் பச்சை, எடுக்காத கடைக்குச் சிவப்பு என்று கொடுக்கலாம். வரிசை எண் போடும் வசதியும் உண்டு. பட்டியலில் கடைகளைப் போக வேண்டிய வரிசையிலேயே அடுக்கியிருந்தால் 1, 2, 3 என்று புள்ளிகளில் எண் வந்துவிடும். புதிதாக லைனுக்குப் போகிறவருக்கு இதைவிட உதவி வேறில்லை.

சாலை வழியைக் கோடாகப் போட்டுத் தூரம் காட்டும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு லேயருக்குப் பத்து இடங்கள்தான் கொடுக்க முடியும். முப்பது கடை உள்ள லைனை மூன்றாகப் பிரித்துத்தான் போட வேண்டும். மேலும், எந்தக் கடைக்கு முதலில் போனால் லாபம் என்பதை இந்தக் கருவி தானாகச் சொல்லாது. நாம் கொடுக்கும் வரிசையில்தான் கோடு போடும். வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து, எதில் தூரம் குறைகிறது என்று முடிவு செய்வது நம் வேலை.

படத்தில் அளவுகோல் ஒன்றும் இருக்கும். அது காக்கை பறக்கும் தூரத்தைக் காட்டும், சாலைத் தூரத்தை அல்ல. வைப்பாற்றுக்கு இக்கரையில் ஒரு கடையும் அக்கரையில் ஒரு கடையும் அளவுகோலில் கூப்பிடு தூரமாகத் தெரியும். வண்டி பாலத்தைச் சுற்றித்தானே போக வேண்டும்? தூரம் பார்க்கச் சாலை வழியையே நம்புங்கள்.

எங்களுக்குக் கிடைத்த பலன்

படம் தயாரான அன்று மாலை அதை விரித்து வைத்துப் பார்த்தபோதே மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, அருப்புக்கோட்டை லைனில் ஏழு கடைகள் காரியாபட்டிச் சாலைப் பக்கம் ஒட்டி நின்றன. பாலவநத்தம் வழியாகப் போகும் வண்டி, பெரிய சாலையை விட்டு உள்ளே போய் அந்த ஏழு கடைக்கும் சரக்குப் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. மல்லாங்கிணறு வழியாகப் போகும் வியாழக்கிழமை வண்டிக்கோ அவை போகிற வழியிலேயே இருந்தன. ஏன் இப்படி என்று பெரியவரைக் கேட்டோம். "அந்தக் கடைங்க ஆரம்பிச்சப்ப அந்தப் பக்கம் வண்டி போற ரோடே இல்ல, மொதலாளி" என்றார். ரோடு போட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் எங்கள் வண்டி பழைய வழியையே சுற்றியிருக்கிறது. ஏழு கடைகளையும் லைன் மாற்றினோம். வாரத்துக்குச் சுமார் 18 கி.மீ. மிச்சம். ஆண்டுக்கு 936 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டால் 62 லிட்டர் டீசல். அதற்கான ரூபாயை அவரவர் ஊர் விலையில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு, சிவகாசி லைனில் ஆமத்தூரைத் தாண்டி ஓரிடத்தில் புள்ளியே இல்லாமல் வெறுமையாக இருந்தது. நேரில் போய்ப் பார்த்தோம். புது வீடுகள் எழும்பி, நான்கு மளிகைக் கடைகள் வந்திருந்தன. எங்கள் வண்டி அந்த வழியாக வாராவாரம் போய்க்கொண்டுதான் இருந்தது. நான்கில் இரண்டு கடைகள் இன்று எங்கள் வாடிக்கை.

மூன்று, சாத்தூர்ப் பக்கம் சிவப்புப் புள்ளிகள் ஐந்தாறு ஒரே இடத்தில் கூடி நின்றன. விசாரித்ததில், வேறொரு வண்டி ஞாயிற்றுக்கிழமையே அங்கே வந்து சரக்குப் போட்டுவிடுவது தெரிந்தது. திங்கட்கிழமை நாங்கள் போகும்போது அலமாரி நிறைந்திருந்தால் யார் வாங்குவார்கள்? அந்தக் கடைகளுக்கு மட்டும் சனிக்கிழமை தனியாகப் போக ஏற்பாடு செய்தோம். எல்லாக் கடையும் திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் போன காரணமாவது தெரிந்தது.

சில்லறைக் கடைக்காரர்களுக்கும் உதவும்

இது மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக்குச் சரக்கு அனுப்பும் சில்லறைக் கடைக்காரர்கள், எந்தெந்தத் தெருவிலிருந்து ஆர்டர் வருகிறது என்பதை ஒரு மாதம் புள்ளியாகப் போட்டுப் பார்க்கலாம். கோடு போடும் கருவியாலேயே எல்லை வளைத்து, 'இதற்குள் இலவசமாக அனுப்புவோம், இதற்கு வெளியே இவ்வளவு வாங்குவோம்' என்று முடிவு செய்யலாம். கடைப் பையன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொல்லி வாடிக்கையாளரின் கோபத்துக்கு ஆளாவது நிற்கும்.

எச்சரிக்கைகள்

பேரேட்டை வாசல் திண்ணையில் விரித்து வைக்கிற வியாபாரி உண்டா? இந்தப் படமும் பேரேடு மாதிரிதான். புதிதாகப் போடும் படத்தை முதலில் நாம் மட்டுமே பார்க்க முடியும். மற்றவருக்குக் கொடுக்கும்போது, இணைப்பு உள்ள யாரும் பார்க்கலாம் என்றும், இன்டர்நெட்டில் தேடினால் கிடைக்கும் என்றும் திறந்துவிடும் வசதிகள் இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். லைனுக்குப் போகிறவரின் ஜிமெயிலை மட்டும் சேர்த்து, 'பார்வையிட மட்டும்' என்று அனுமதி கொடுங்கள். அவர் வேலையை விட்டால் அன்றே அனுமதியை நீக்கிவிடுங்கள்.

கடைக்காரர்களின் பாக்கித் தொகையை ஒருபோதும் படத்தில் போடாதீர்கள். ஒருவர் கடன் நிலைமை ஊருக்குத் தெரிந்தால், பணத்தோடு உறவும் போய்விடும். சில்லறைக் கடைக்காரர்கள் வீடுகளைக் குறிக்கும்போது பெயரும் போன் நம்பரும் இல்லாமல் எண் மட்டும் போடுவது நல்லது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்று 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது என்பதையும் நினைவில் கொள்வோம்.

எக்ஸெல் பட்டியலில் செய்யும் திருத்தம் தானாகப் படத்தில் ஏறாது. மாதம் ஒருமுறை திருத்திய பட்டியலைத் திரும்ப ஏற்ற வேண்டும். எந்த வரி எந்தக் கடைக்கு என்று பொருத்துவதற்குத்தான் கடை எண் வேண்டும் என்றோம். படத்தின் நகலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கிக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத ஊர்களுக்குப் போகும்போது படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து வண்டியில் வைத்திருப்பது உத்தமம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். லைனுக்குப் போகும் பெரியவர்கள் நல்ல உடம்போடு இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, கடை கடையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெரியவர் இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். லைனுக்குப் போவதில்லை. ஆனால் தினமும் காலையில் கடைக்கு வந்து படத்தின் முன் உட்கார்ந்து, அன்று லைனுக்குப் போகும் தம்பிக்கு விரலால் வழி காட்டுகிறார். அவர் சொல்லச் சொல்ல, குறிப்புக் கட்டத்தில் வாரம் இரண்டு வரியாவது இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறது.